அம்பாளுக்கு ஒரு விலாசம்

என் மூத்த பேரன் கணேசன் பம்பாயில் எஞ்சினீயர் ஆகிவிட்டான். கம்பெனியே குவார்ட்டர்ஸும் கொடுத்திருக்கிறது. அவன் தம்பி பாலு கணக்கில் காலேஜிலேயே முதலாவதாக வந்தான். பேத்தி வசந்தாவுக்கு எர்ணாகுளத்தில் பாங்க் உத்தியோகம்; தினமும் தானாகப் போட் ஏறிப் போய் வருகிறாள். கடைசிப் பேத்தி மைதிலி கல்லைப் பற்றிய படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ஜியாலஜி என்று பெயர். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். இவ்வளவையும் எழுதி, மைதிலி கையில் சுத்தியலோடு நிற்கும் போட்டோவையும் உள்ளே வைத்து, ஒற்றப்பாலத்திலிருக்கும் என் நாத்தனார் கோமதிக்குத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் தந்தி வந்தது. கோமதி தூக்கத்திலேயே போய்விட்டாள்.

இப்படிக் கடிதம் எழுதினால் அவளிடமிருந்து எப்போதும் ஒரே மாதிரிதான் பதில் வரும். "மன்னி, உங்க பேரக்குழந்தைகள் ஜெயிக்கற வேகத்துக்கு இனிமே ரெண்டு ஸ்டாம்ப் ஒட்டணும்" என்று முதல் வரியில் கேலி செய்வாள். இரண்டாம் வரியிலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பாள். இந்தத் தடவை அந்தப் பதில் வராது என்பது தந்தியைப் படித்தபோது மனதில் ஏறவில்லை. தபால்காரர் நாலு நாள் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் ஏறியது.

கோமதி டீச்சரைப் பற்றி எழுதித் தரும்படி அவளிடம் படித்தவர்கள் கேட்டார்கள். நான் ஐந்தாம் கிளாஸ் வரை படித்தவள். ஆனால் அவளோடு ஒரே சமையலறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவள். பள்ளிக்கூடத்தில் அவள் எப்படி இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் எப்படி இருந்தாள் என்பதை நான் சொல்கிறேன்.

அவள் என் கணவரின் தங்கை. மட்டாஞ்சேரி பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. அவளே சொல்லாததை நான் சொல்வது முறையல்ல. அவளுக்கு எதில் ஆசை என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியும். கல்லாகிப்போன கடல் முள்ளெலிகளில்தான் ஆசை. கடலடியில் ஊரும் உருண்டைப் பிராணி அது; செத்து முள் உதிர்ந்தால் ஓட்டின் மேல் ஐந்து இதழ் நட்சத்திரம் ஒன்று தெரியும்.

அது மட்டாஞ்சேரியில் எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் கட்ச் தேசத்திலிருந்து பத்தேமாரி என்கிற பாய்க்கப்பல்கள் நம் துறைக்கு மிளகும் மரமும் ஏற்ற வரும். வரும்போது சரக்குக் குறைவு. காற்றில் கவிழாமல் இருக்க அடித்தட்டில் கல்லை நிரப்பிக்கொண்டு வருவார்கள். இங்கே சரக்கு ஏற்றும்போது அந்தக் கல்லைக் கரையில் கொட்டிவிடுவார்கள். என் கணவர் கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கர். அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிடங்கு வாசலில் கிடந்த கற்குவியலில் கோமதி ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் ஆறிய சாதம்தான் சாப்பிட்டார்.

பத்தேமாரியின் தலைவனை நாகுதா என்பார்கள். காசிம் நாகுதா என்று ஒருவர், வெள்ளைத் தாடி, பெரிய குரல். பேசுவது பாதி மலையாளம், பாதி இந்துஸ்தானி. எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கோமதி குவியலின் மேல் குந்தியிருப்பதைப் பார்த்து, "டீச்சர், தங்கம் ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

"தங்கம் இல்லை, நாகுதா. நட்சத்திரம்."

"அப்ப மேலே பாருங்க. கீழே இருக்கறது எங்க ஊர்லே ஆட்டுக்கு வேலி கட்டற கல்லு."

அடுத்த தடவை வந்தபோது அவரே நட்சத்திரம் உள்ள கல்லாகப் பொறுக்கித் தனியாக ஒரு சாக்கில் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்றுகூட முழுசாக இல்லை. கோமதி அதை அவரிடம் சொல்லவில்லை. சாக்கு நிறைய வாங்கிக்கொண்டு, சாயா வரவழைத்துக் கொடுத்தாள்.

என் தையல் ஊசிகள் எல்லாம் அவளிடம்தான் போயின. கல்லின் இடுக்கில் இருக்கும் மண்ணை ஊசியால் கிளறி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மொட்டை மாடியில் முறத்தில் காய வைப்பாள். நான் மிளகாய்க் கொண்டாட்டம், அதாவது மோர்மிளகாய், காய வைக்கும் இடமும் அதுதான். ஒரு நாள் விருந்தாளி வந்த அவசரத்தில் நான் அள்ளிப் போட்டதில் எண்ணெயில் ஒரு கல்லும் சேர்ந்து பொரிந்தது. அவள் ஜல்லிக்கரண்டியால் அதை எடுத்து, ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, "மன்னி, நீங்க பொரிச்சதுலே மண்ணு நன்னா விட்டுப் போயிருக்கு. நாளைக்கும் நாலு போடறேளா?" என்றாள்.

இனி முக்கியமான கல்லுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பூஜை ஐந்து மூர்த்திக்கு. ஐந்தும் சின்னக் கற்கள். விஷ்ணுவுக்குச் சாளக்கிராமம், அம்பாளுக்குப் பொன்னிறக் கோடுள்ள ஒரு கல், இப்படி. பாலக்காட்டுக் கிராமத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குக் குடி வந்தபோது வழியில் அம்பாள் கல் தொலைந்துபோயிற்று. அதற்குப் பதிலாக ஒரு மஞ்சள் கிழங்கை வைத்துப் பல வருஷம் பூஜை நடந்தது. என் மாமியாருக்கு அது தீராத குறை. அபிஷேகம் செய்வது என் கணவர். பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து நடத்துவது மாமியார். அந்த மஞ்சளுக்குப் பூ எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார்.

ஒரு நாள் முறத்தில் ஒரு முழுக் கல் இருந்தது. பெரிய நெல்லிக்காயைக் கொஞ்சம் அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. மேலே ஐந்து இதழ், செதுக்கினாற்போல. அத்தனை வருஷத்தில் உடையாமல் கிடைத்த ஒரே முள்ளெலி அது. கோமதி அதை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்திருந்தாள். மாமியார் அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"இது உனக்கு எங்கேருந்துடி கெடச்சுது?"

"வார்ஃபிலே, அம்மா. கடல்லே இருந்த பிராணி. செத்துக் கல்லாப் போனதாக்கும்."

"சாளக்கிராமத்துக்குள்ளேயும் ஏதோ நத்தை இருந்ததுன்னு நீதானே பறஞ்சே? அதுக்கு உங்கண்ணா பூஜை பண்ணலையா? அம்பாள் தானே தேடிண்டு வந்திருக்கா."

மறுநாள் காலை மஞ்சள் கிழங்கு இருந்த இடத்தில் அந்தக் கல், சந்தனம் குங்குமத்தோடு. பூஜையில் ஏறிய கல் வெளியே போகக் கூடாது. ஒரு நாளும் நைவேத்தியம் தவறக் கூடாது. கோமதி பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் கல் எந்தக் கடலில், எந்த இடத்தில் வாழ்ந்தது என்று தெரிய வேண்டும். அந்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்டவள் அல்ல. எர்ணாகுளத்தில் ஒரு காலேஜ் ப்ரொபசர், செறியான் சார் என்று பெயர், கல்லைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

"அம்பாள் போட்டிலே ஏறி எர்ணாகுளம் போறதா?" என்றார் மாமியார். "அவருக்கு வேணும்னா அவர் வரட்டும்."

அவர் வந்தார். கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவர், நல்ல உயரம், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே வந்தார். மாமியார் கல்லை வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்து, ஒரு முழம் தள்ளி வைத்தார். தொடக் கூடாது. அந்த மனிதர் தரையில் முழங்காலும் கையும் ஊன்றி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். அப்படியே இருந்தார். எழுந்திருக்கவில்லை.

"டீச்சரே, இந்தச் சுவப்பு எந்தா?"

"குங்குமம், சார். தினமும் வெக்கறது. கழுவினாலும் ஓட்டைக்குள்ளே தங்கிடறது."

இதழ்களின் ஓரத்தில் ஊசிமுனைக்குக்கூடச் சின்னதான துளைகள் இரண்டு வரிசையாகப் போகுமாம். உயிரோடு இருந்தபோது அதன் வழியாகத்தான் அது மூச்சு விடுமாம். அந்தத் துளைகளைப் பார்க்கத்தான் கோமதி என் ஊசிகளை எல்லாம் ஒடித்திருக்கிறாள். மாமியாரின் குங்குமம் ஒவ்வொரு துளையையும் சிவப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது.

இது ஜுராசிக் என்கிற காலத்துக் கடலில் இருந்தது, கோடிக்கணக்கான வருஷம் ஆகியிருக்கும் என்றார் செறியான் சார்.

"ஆகியிருக்கும்" என்றார் மாமியார், அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்கிற மாதிரி. "காபி கொண்டு வாடி."

போகும்போது வாசலில் நின்று அவர் கோமதியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. எந்த மலையில், எந்தப் பாறை அடுக்கில் எடுத்தது என்று தெரியாத கல் விலாசம் எழுதாத கவரைப் போல. யாருக்கும் போய்ச் சேராது. இடம் தெரிந்தால் பெயரும் சொல்லலாம் என்றார்.

காசிம் நாகுதாவைக் கேட்டபோது இடம் உடனே தெரிந்துவிட்டது. மாண்ட்வித் துறையிலிருந்து மாட்டு வண்டியில் அரை நாள் போனால் ஒரு மலை, அங்கிருந்துதான் கல் வருகிறது. "வாங்களேன் டீச்சர், நான் கூட்டிட்டுப் போறேன். மேல் சரிவிலே ஊசியோட இருக்கற கல்லுகூட உண்டு." முள் உதிராமல் கல்லான முள்ளெலியை அவர் அப்படிச் சொன்னார். அன்று இரவு கோமதி என்னிடம் அந்த ஊசிக் கல்லைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

அவளால் தனியாகக் கட்ச் போக முடியாது. அந்தக் காலம் அப்படி. ஆனால் மாமியாருக்கு ஒரு துவாரகை யாத்திரை பாக்கி இருந்தது. கோமதி தாயாரிடம் துவாரகையைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்தாள். காலையில் கிருஷ்ணன், மாலையில் கோமதி நதி. "என் பேர்லே அங்கே ஒரு நதியே இருக்கு. அதைப் பார்க்காம கண்ணை மூடறதா?" என்று கேட்பாள். மாமியார் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நதி சரி, மலை எந்தப் பக்கம்?" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும்.

நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம். பூஜை தவறக் கூடாது என்பதால் பூஜைப் பெட்டியும் எங்களோடு ரயிலேறியது; போன இடமெல்லாம் கூட வந்தது. துவாரகையில் தரிசனம் முடித்து, ஓகாவிலிருந்து படகில் மாண்ட்விக்குப் போனோம். நாகுதா கரையில் நின்றிருந்தார். தர்மசாலையில் எங்களுக்கு இடம் பிடித்து, கிணறு வரைக்கும் கழுவ வைத்திருந்தார். கைவசம் இரண்டு நாள். முதல் நாள் மலையடிவாரம், இரண்டாம் நாள் மேல் சரிவு என்று கோமதி திட்டம் போட்டிருந்தாள்.

மலை என்றால் நம் ஊர் மாதிரி பச்சை கிடையாது. வெயிலும் காற்றும் முள் செடியும்தான். மழைநீர் ஓடி வறண்ட ஓர் ஓடை. வண்டி நின்றதும் கோமதி இறங்கினாள், இரண்டு அடி வைத்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தரை முழுக்க ஐந்து இதழ்க் கற்கள். அரையும் குறையும் முழுசுமாக, களத்தில் நெல் சிந்தினாற்போல. அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்துக்கொண்டு, "மன்னி, நாம கடலுக்கு அடியிலே இருக்கோம்" என்றாள்.

மாமியார் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றார்.

"ஏன் பாட்டி? இது மேலே ஆடு நடக்குது" என்றார் நாகுதா.

"ஆட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

கோமதி ஓடைக்கரையில் கற்கள் பதிந்திருந்த பாறை அடுக்கைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஏழெட்டு எடுத்து, இடத்தைக் காகிதத்தில் எழுதிச் சுற்றி வைத்தாள். மாமியார் வண்டியிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரம் என் கணவரைக் கூப்பிட்டார்.

"ராமு, அம்பாளைப் பெட்டியிலேருந்து எடுத்துண்டு வா. இங்கே வை."

"எதுக்கும்மா?"

"இது அவ பொறந்தாம்டா. இத்தனை அக்கா தங்கை இங்கே இருக்கா. நாம அவளைத் தனியா ஒரு பெட்டியிலே வெச்சிண்டிருக்கோம்."

என் கணவர் கோமதியைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஒரு முள் செடியின் கீழ் கல்லை வைத்து, ஒரு பூவையும் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை தர்மசாலையில் பூஜை. என் கணவர் ஒவ்வொரு மூர்த்தியாக அபிஷேகம் செய்தார். அம்பாள் முறை வந்ததும் மாமியார் வழக்கம்போல் குங்குமத்தை விரலில் தொட்டு அவரிடம் நீட்டினார். இடம் காலியாக இருந்தது. நீட்டிய விரல் அப்படியே நின்றது. பிறகு அதைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, "மேலே பண்ணு" என்றார். கொண்டுவந்த சாமானில் மஞ்சள் கிழங்கு இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

வாசலில் வண்டி நின்றது. கோமதி சுத்தியலை எடுத்துத் தோள்பையில் போட்டாள், பிறகு வெளியே எடுத்து மூலையில் வைத்துவிட்டாள். "நாகுதா, மேல் சரிவுக்கு வேண்டாம்" என்றாள். "நேத்து நின்ன இடத்துக்கே போகலாம். மன்னி, நீங்களும் வாங்கோ. குடிக்கத் தண்ணி ஒரு குடம் எடுத்துக்கோங்கோ."

போய்ப் பார்த்தால் செடியின் கீழே கல் இல்லை. இரவில் ஆட்டு மந்தை அந்த வழியாகப் போயிருந்தது. எல்லாம் சிதறிக் கிடந்தன. கோமதி குனிந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்த்தாள். புழுதியில் எல்லாம் ஒரே நிறம்.

நாகுதாவுக்குத் தாங்கவில்லை. "டீச்சர், இதிலே நல்லதா ஒண்ணை எடுத்துக் கொடுத்தா பாட்டிக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் கோமதி.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். "மன்னி, தண்ணியை இங்கே விடுங்கோ. கொஞ்சம் கொஞ்சமா." நான் குடத்தைச் சாய்த்தேன். அவள் நனைந்த கற்களைப் புரட்டிக்கொண்டே வந்தாள். சூரியன் உச்சியைத் தாண்டிச் சாய ஆரம்பித்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீர் முக்கால்வாசி தீர்ந்தபோது, ஒரு கல்லில் ஈரம் பட்டதும் ஐந்து சிவப்பு இதழ் எழும்பி வந்தது. கோமதி அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

"இன்னும் பொழுது இருக்கு. மேலே போலாமா?" என்று நான் கேட்டேன். அவள் மேல் சரிவை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். மாடுகளையும் குடத்தின் அடியில் மிஞ்சிய தண்ணீரையும் பார்த்தாள். "போறும், மன்னி" என்றாள். மறுநாள் எங்களுக்குப் படகு. அதற்குப் பிறகு அவள் கட்ச் போகவே இல்லை.

மாமியார் கல்லைக் கையில் வாங்கிக்கொண்டு, மகளைத்தான் பார்த்தார். "வெயில்லே முகம் இப்படிக் கறுத்துப் போச்சே. மோர் வெச்சிருக்கேன், குடி."

ஊருக்கு வந்ததும் கோமதி தாயாரிடம் அனுமதி வாங்கி, அந்தக் கல்லின் அடியில் மலையின் பெயரை மையால் பொடி எழுத்தில் எழுதி, மேலே வார்னிஷ் தடவினாள்.

"அம்பாளுக்கு எதுக்குடி விலாசம்?"

"இனிமே தொலைஞ்சா, கண்டெடுக்கறவாளுக்கு எங்கே கொண்டு விடறதுன்னு தெரிய வேண்டாமா?"

மலையிலிருந்து கொண்டுவந்த கற்களைச் செறியான் சார் பார்த்துப் பெயர் சொன்னார். புதிதாக ஒன்றும் இல்லையாம். அந்த முள்ளெலிக்கு வெகு காலத்துக்கு முன்பே யாரோ பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. கோமதி அந்த நீளப் பெயரை இரண்டு நாள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள். "ரொம்ப நாளாப் பழகினவாளோட பேர் இப்பத்தான் தெரிஞ்சுது, மன்னி" என்றாள்.

மாமியார் காலமான பிறகு ஒரு நாள், மேல் சரிவை நினைத்தால் வருத்தமில்லையா என்று அவளிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அது எத்தனையோ கோடி வருஷமா அங்கே இருக்கு. இன்னும் இருக்கும். அன்னிக்கு அம்மாவுக்குத்தான் அவசரம்" என்றாள். அவள் சொன்னதில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இதைத்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவள் ஒற்றப்பாலத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போனபோது மற்றக் கற்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாள். உங்களில் பலர் அந்தக் கண்ணாடி அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். பூஜைக் கல் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் கணவர் இன்றைக்கும் அபிஷேகம் செய்கிறார். குங்குமம் எடுத்து நீட்டுவது இப்போது நான். கல்லைத் துடைக்கும்போது அடியில் அந்தப் பொடி எழுத்து விரலில் தட்டுப்படும். என்னிடம் மிஞ்சியிருக்கும் கோமதி அந்த எழுத்துத்தான். அதோடு, ஒரு கல்லையும் புரட்டிப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாத வழக்கமும்.

நான் போட்ட கடிதம் அவளை எடுத்துக்கொண்டு போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்ததாம். என் கையெழுத்தைப் பார்த்து அவள் தம்பி அதைப் பிரிக்காமல் அவள் கையிலேயே வைத்துவிட்டார். வைத்தது சரிதான்.

இதன் நகல் ஒன்று என் கடைசிப் பேத்திக்கும் போகிறது; இனி அவளுக்கு. மைதிலி, உங்கள் வகுப்பு இந்த டிசம்பரில் கட்ச் போகிறது என்று எழுதியிருந்தாய். மாண்ட்வியிலிருந்து அரை நாள் வண்டித் தூரம். கல்லின் அடியில் இருக்கும் பெயரை இதோடு எழுதி அனுப்புகிறேன். அடிவாரத்தில் நின்றுவிடாதே. மேல் சரிவுக்கு ஏறி, ஊசியோடு இருக்கும் கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் நிழல் விழாமல் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. போன தடவை நீ அனுப்பியது கோமதி அத்தைப்பாட்டியிடம் இருக்கிறது.